1.8-ஆ, 1.4-ஆ: விழிஞ்ஞத்தில் ஒரு மழைக்காலம்

2023 மே மாத இறுதியில் அந்த ஆய்வு மாணவி தன் கேமராப் பையைத் திறந்தபோது, ஒரே லென்ஸின் உட்கண்ணாடியில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. கடலோர வாடகை அறை, சுண்ணாம்புச் சுவரில் ஊறிய ஈரம், துணிகளுக்கு நடுவே சுருட்டி வைக்கப்பட்ட பை. குற்றவாளியைத் தேட வேண்டியிருக்கவில்லை. பழுதுபார்ப்பவர் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்துவிட்டு, பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிட்டது, துடைத்தாலும் தழும்பு நிற்கும் என்றார்.

காலம்தான் இடித்தது. ஜூன் 9 நள்ளிரவில் கேரளத்தில் இழுவை விசைப்படகுகளுக்கான 52 நாள் தடை தொடங்கும். நாட்டுப் படகுகளை அத்தடை கட்டுப்படுத்தாது. தென்மேற்குப் பருவக்காற்றில் திருவனந்தபுரத்தின் திறந்த கடற்கரைகளில் படகை அலை தாண்டி இறக்குவது உயிரைப் பணயம் வைக்கும் செயல் என்பதால், சுற்றுவட்டக் கடற்கரை ஊர்களின் படகுகள் விழிஞ்ஞத்தின் ஒதுக்கமான விரிகுடாவுக்குள் வந்து சேரும். ஆண்டின் வேறெந்த மாதத்திலும் அங்கே அத்தனை படகுகளையும் அத்தனை விற்பனைப் பெண்களையும் ஒருசேரக் காண முடியாது. அவளுடைய ஆய்வேடு அந்தப் பெண்களைப் பற்றியது: கரையில் நடக்கும் ஏலத்தில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள், யாருக்குக் கடன் சொல்கிறார்கள், எந்தச் சைகையில் விலை முடிகிறது. ஏலம் பொழுது விடியுமுன்பே தொடங்கிவிடும். கேமரா இல்லாமல் அந்த இரண்டு மாதங்களை இழந்தால் அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். உதவித்தொகைக் காலமோ அதற்குள் முடிந்துவிடும்.

அவளிடம் இருந்தது பழைய விலைக்கு வாங்கிய கேனன் 6டி. அதற்கு இரண்டு லென்ஸ்கள் முன்னே நின்றன. இரண்டும் 50 மி.மீ., இரண்டும் கடைக்காரர்கள் 'பிரைம்' என்று சொல்லும் நிலைக்குவிய லென்ஸ்கள், இரண்டும் ஒரே நிறுவனத்தவை. 1993இல் வந்த எஃப்/1.4 யு.எஸ்.எம். ஒன்று, 2015இல் வந்த எஃப்/1.8 எஸ்.டி.எம். மற்றொன்று. பின்னதன் விலை பத்தாயிரத்துக்கு அக்கம்பக்கம். முன்னது அதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உதவித்தொகை மூன்று மாதமாக வந்திருக்கவில்லை. வந்தாலும் அதில் அறை வாடகையும் களப்பணிப் பேருந்துச் செலவும் முந்திக்கொள்ளும்.

இந்நிலையில்தான் குமரிமாவட்டத்துக் கடற்கரை ஊரிலிருந்து அம்மா அழைத்தார். அவர் கட்டிவந்த சீட்டு அந்த மாதம் விழுந்திருந்தது. "வெல கூடினதையே வாங்கு மக்களே. பின்ன ஒரு வாட்டி வாங்க நம்மகிட்ட இருக்காது." மலிவாய் வாங்கி இருமுறை செலவழிப்பதை விட ஒரே முறை நல்லதாய் வாங்குவது அம்மாவின் வாழ்நாள் பொருளியல். பிரஷர் குக்கர் முதல் குடை வரை அதை மெய்ப்பித்த வீடு அது. ஆயினும் சீட்டுப் பணத்தை எண்ணிக் கேமராக் கடையில் வைக்கும் காட்சியை நினைத்தபோது அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு லென்ஸ்களும் உண்மையில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896இல் உருவாக்கிய 'பிளானார்' என்னும் வடிவமைப்பின் வழிவந்தவை. 1.4இல் ஏழு கண்ணாடிகள், 1.8இல் ஆறு. எண்களுக்குப் பின்னால் இருப்பது எளிய வகுத்தல்தான். 50 மி.மீ. குவியத்தொலைவை 1.8ஆல் வகுத்தால் துளையின் விட்டம் ஏறத்தாழ 28 மி.மீ.; 1.4ஆல் வகுத்தால் 36 மி.மீ. பரப்பளவில் பார்த்தால் விலை கூடியது 1.65 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஒளிப்படக்காரர்கள் கணக்கில் இது முழுப்படி ஒன்று கூட இல்லை. மூன்றில் இரண்டு பங்கு. 1.8இல் 1/160 நொடி தேவைப்படும் வெளிச்சத்தில் 1.4இல் 1/250 நொடி கிடைக்கும். அல்லது ஐ.எஸ்.ஓ.வை 3200க்குப் பதில் 2000இல் வைக்கலாம். மூன்று மடங்கு விலை, 1.65 மடங்கு ஒளி. ஆனால் விடியற்காலை நாலு மணிக்குத் துறைமுக விளக்கின் கீழ் நிற்பவர்க்கு அந்த மூன்றில் இரண்டு பங்கு சிறியதாகத் தோன்றாது.

அவள் இரண்டையும் கையில் வாங்கிப் பார்க்க முடிவு செய்தாள். 1.8ஐத் தோழி ஒருத்தி இரவல் தந்தாள், 1.4ஐ நகரில் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தாள். 290 கிராம் எடையுள்ள 1.4 கையில் அமர்ந்தபோது ஏற்பட்ட மனநிறைவை மறைப்பதற்கில்லை. குவிய வளையம் விரலுக்கு மெய்யான எதிர்ப்பைக் காட்டியது. 160 கிராம் 1.8ஓ விளையாட்டுச் சாமான் போல இருந்தது. அதன் குவிய வளையம் மின்னணு வழியே இயங்குவதால், கேமரா உறங்கும்போது திருப்பினாலும் ஒன்றும் நகராது. கருத்தரங்குகளில் பெரிய முன்கண்ணாடியோடு வருபவரைத் தீவிர ஆய்வாளர் என்று எண்ணிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவளும் அதற்கு விலக்கல்ல.

எனினும் விழிஞ்ஞத்தில் அந்தப் பெரிய கண்ணாடி வேறொன்றையும் பேசியது. 2022 ஆகஸ்டில் மூண்டு டிசம்பரில் முடிந்த துறைமுக எதிர்ப்புப் போராட்டத்தின் நினைவு அப்போது ஆறியிருக்கவில்லை. கேமராவோடு வருபவரைப் பார்த்தால் "எந்தச் சேனல்?" என்ற கேள்விதான் முதலில் வரும். சருவத்தில் மீன் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கருப்பு நிறப் பெருங்கண்ணாடியைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அடுத்த நாள் சிறிய 1.8ஐ மாட்டிச் சென்றபோது அவர்கள் கண்டுகொள்ளவில்லை. அது லென்ஸின் சிறுமையாலா, இரண்டாம் நாள் முகம் பழகியதாலா என்று பிரித்துச் சொல்ல இரண்டு நாள் சோதனை போதாது. முறையியல் வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

படங்களைத் திரையில் அடுத்தடுத்து வைத்தபோது, 1.4இன் முழுத்திறப்பில் ஒரு மென்மூடுபனி இருந்தது. நனைந்த அயலையின் மினுக்கத்தைச் சுற்றி ஊதாக் கீற்று. துளையை 2 வரை சுருக்கினால் படம் கூர்மையாகிறது; ஆனால் அவ்வளவு சுருக்கும்போது அதிக விலை கொடுத்து வாங்கிய ஒளியே கையை விட்டுப் போகிறது. இதைவிட அடிப்படையான இடர் ஒன்றையும் அவள் கணக்கிட்டாள். இரண்டு மீட்டர் தொலைவில் 1.4இல் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 13 செ.மீ.; 1.8இல் 17. ஏலம் என்பதோ ஒரு வட்டம். கூவுபவர், குனிந்து மீனைப் பார்ப்பவர், தோளுக்குப் பின்னால் விரல் காட்டுபவர் எல்லாம் ஒரு சாண் ஆழத்துக்குள் நிற்பதில்லை. வட்டத்தின் ஒரு பாதியாவது தெளிவாக வேண்டுமென்றால் துளையை 4க்கோ அதற்கும் கீழோ சுருக்க வேண்டும். அங்கே இரண்டு லென்ஸுக்கும் இடையே வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம்.

ஒரு படத்தை அவள் மிகவும் விரும்பினாள். அறுபது வயது கடந்த விற்பனையாளர் ஒருவரின் முகம், 1.4இல் எடுத்தது, பின்னால் விளக்குகள் எல்லாம் பொன்வட்டங்களாய்க் கரைந்திருந்தன. அச்செடுத்து அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார், பிறகு தள்ளிப் பிடித்தார்.

"எனக்க மீன் எங்க மோளே?"

"முன்னால இருக்கு அம்மச்சி, அந்த வெள்ளையா…"

"இது சாளயா நெத்தோலியா? பார்த்தா யாருக்குத் தெரியும்? பக்கத்துல நின்னவளயும் காணல. நான் தனியாவா நின்னேன்?"

அவர் படத்தை மடிக்காமல் சருவத்தின் மூடிமேல் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். நெறியாளர் நான்கு கூட்டங்களில் சொல்லி விளங்காத ஒன்று அவளுக்கு அங்கே விளங்கியது. ஆய்வேட்டின் வாதமே அந்தப் பெண்கள் தனித்து விற்பதில்லை என்பதுதான். அவள் மயங்கிய படமோ, கரைத்து அழகாக்கிய அத்தனையும் தரவாக இருந்த படம்.

மற்றொரு செய்தியும் மலிவானதன் பக்கமே சாய்ந்தது. 1.8 எஸ்.டி.எம். 35 செ.மீ. வரை நெருங்கிக் குவியும், 1.4 யு.எஸ்.எம். 45 செ.மீ.யில் நின்றுவிடும். விற்பனைப் பெண்களின் இடுப்புப் பைக்குள் இருக்கும் சின்னக் கடன் குறிப்பேடுகளின் பென்சில் எழுத்தைப் படமெடுக்க அந்தப் பத்து செ.மீ. முக்கியம். இரண்டுமே உப்புக்காற்றுக்கும் மழைக்கும் அடைப்பிட்டவை அல்ல. ஆகவே இரண்டையும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் கொண்டுபோக வேண்டும்.

தோழி ஒத்துக்கொள்ளவில்லை. தேவைப்படும் ஒரே ஒரு நாளில் அந்த மூன்றில் இரண்டு பங்கு ஒளி இல்லாமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு அவளிடம் விடை இருக்கவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் அவள் 1.8ஐ வாங்கினாள். கூடவே ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகா டப்பா, சிலிக்கா ஜெல், ஈரமானி, ஒரு வன்தட்டு. மீதியை அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. "கொறஞ்சதையா வாங்கின?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, பணத்தை அடுத்த சீட்டில் போட்டார்.

ஜூலை நடுவில் ஒரு நாள், கொட்டும் மழையில், ஏலத்தளத்தின் மேல் எரிந்த விளக்குகள் அணைந்துவிட்டன. பெருங்கூட்டம், சூரை நிறைய வந்திருந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் ஏலம் நடந்தது. வழக்கமாகப் பின்வரிசையில் நிற்கும் பெண் ஒருத்தி அன்று முதன்முறையாக முன்வந்து, ஆண் வியாபாரிகளின் விலையை மீறிக் கை உயர்த்தினாள். 6400 ஐ.எஸ்.ஓ.வில், முழுத்திறப்பில், 1/30 நொடி. உயர்ந்த கை புகைபோல் கலைந்து பதிவானது. 1.4 இருந்திருந்தால் 1/50. அந்த வேகத்தில் கை நின்றிருக்குமா என்பதை அவள் பின்னர் பலமுறை அறையில் தன் கையையே உயர்த்திச் சோதித்துப் பார்த்தாள். சில முறை நின்றது. ஆய்வேட்டில் அந்தக் காட்சி எழுத்தாக மட்டுமே உள்ளது, படம் இல்லை.

அவ்வாண்டு அக்டோபரில் 'ஜென் ஹுவா 15' என்ற கப்பல் புதிய துறைமுகத்துக்கான பாரந்தூக்கிகளைச் சுமந்து வந்தது. அவள் ஜூன் படங்களை மீண்டும் திறந்தாள். அவற்றுள் அம்மச்சியை இரண்டாம் முறை எடுத்த படமும் ஒன்று: காலை ஆறரை மணி, துளை 5.6, சருவத்தில் நெத்தோலி என்று தெளிவாகத் தெரிகிறது, பக்கத்தில் மூன்று பெண்கள், அவர்களுக்குப் பின்னால் தென்திசையில் ஒரு பாரந்தூக்கியும் இல்லாத வானம். அதன் அச்சுப்படியை லேமினேட் செய்து கொடுத்தபோது, படத்திலிருந்த மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று வேண்டும் என்று அம்மச்சி கேட்டு வாங்கிக்கொண்டார்.