சுபுஹுக்குப் பின் ஒரு மணி நேரம்

கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு மருதாணிச் செடியும் இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. சுபுஹுத் தொழுகை முடிந்ததும், வெயில் ஏறுமுன் செடிகளைக் கவனித்துவிடலாம் என்று கொல்லைக்குச் செல்லும் வாசகர்களே, உங்களுக்காகவே இதனை எழுதுகிறேன். இடுப்பு வலி வந்தால் நாம் வேலையைக் குற்றம் சொல்கிறோம். நான் நேரத்தைக் குற்றம் சொல்வேன்.

நம் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. இரவில் நாம் படுத்திருக்கும்போது அவை நீரை உறிஞ்சிப் புடைக்கின்றன. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பதும் இதனால்தான். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்நீர் கசிகிறது. கூடிய உயரத்தில் ஏறத்தாழப் பாதி முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். அதற்குள் முதுகை வளைத்தால், மாலையில் வளைப்பதைவிடப் பன்மடங்கு அழுத்தம் அவ்வட்டுகளின்மேல் விழுகிறது. 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாட்பட்ட இடுப்பு வலியுடையோர் அதிகாலையில் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்ததைக் கண்டனர்.

என் ராத்தா இதனை அறியாதவர். எழுந்த கையோடு நீர் நிரம்பிய வாளிகளைக் குனிந்து தூக்குவது அவர் வழக்கம். ஒருநாள் தூக்கியவரால் நிமிர முடியவில்லை. அந்த ரமலான் முழுவதும் நாற்காலியில் அமர்ந்தே தொழுதார். மார்க்கத்தில் அதற்குச் சலுகை உண்டுதான். ஆயினும் நெற்றி நிலத்தில் படவில்லையே என்று அவர் கண் கலங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

"தொழுகையிலும் குனிகிறோமே?" என்று மதரஸாவில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி! ருகூவில் முதுகைக் கூனாமல் இடுப்பு மூட்டிலிருந்து சாய்கிறோம், கையில் சுமையில்லை, சற்று நேரத்தில் நிமிர்ந்தும் விடுகிறோம். களை பறிக்கும்போதோ முதுகு வில்லாய் வளைந்து, கால் மணி நேரம் அப்படியே கிடக்கிறது.

ஆகவே, அந்த ஒரு மணி நேரத்தில் நின்றபடி செய்யும் வேலையைச் செய்யுங்கள். கறிவேப்பிலை பறிக்கலாம், மருதாணியைக் கத்தரிக்கலாம். களையெடுப்பை அஸருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் மடித்த சாக்கின்மேல் ஒரு காலை மண்டியிட்டு அமர்வதே நலம். பத்து லிட்டர் வாளி நீர் மட்டும் 10 கிலோ. அரை வாளியாக இருமுறை எடுத்தால் என்ன குறைந்துவிடும்? தூக்கும்போது வாளி உடலை ஒட்டியிருக்கட்டும். இடுப்பைத் திருகாமல் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள்.

வலி வந்துவிட்டால் நாட்கணக்கில் படுத்துக் கிடப்பது நன்றன்று, மெல்ல நடமாடுங்கள். கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு குலைந்தாலோ தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள்.

களைக்கொத்தின் பிடியையும் கவனியுங்கள். கலிபோர்னியாவின் வயல்களில் குட்டைப் பிடிக் களைக்கொத்து எத்தனையோ தொழிலாளரின் முதுகை முறித்தது. வழக்கு நடந்து, 1975இல் அங்கு அக்கருவி தடை செய்யப்பட்டது. நம் வீட்டுக் கருவிக்கு வழக்கெல்லாம் வேண்டாம். தச்சரிடம் சொன்னால், நின்றபடி கொத்தும் அளவுக்கு நீண்ட பிடி போட்டுத் தருவார்.