நாற்காலி மேல் நின்றவன்

கன்ஸாஸ் சிட்டிக்கு ஆபீஸ் வேலையாகப் போனவன், சனிக்கிழமை துணி துவைத்துப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம். "வாடா, ஒரு கொலை நடந்த வீட்டைக் காட்டறேன்" என்றான் அங்கேயே குடியிருக்கும் நண்பன். கொலை என்றதும் தூக்கம் போயே போச்சு. (உங்களுக்கு மட்டும் போகாதா?)

வடக்கே ஒரு மணி நேர கார்ப் பயணம். மிஸௌரி ஆற்றங்கரையில் செயின்ட் ஜோஸப் என்று ஓர் ஊர். 1860 ஏப்ரல் 3-ம் தேதி, குதிரையில் தபால் கொண்டுபோகும் 'போனி எக்ஸ்பிரஸ்' இங்கிருந்துதான் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பியது. பத்து நாளில் பட்டுவாடா! அதன் தலைமை அலுவலகம் இருந்த 'பேட்டீ ஹவுஸ்' என்ற நாலு மாடி ஓட்டல் இப்போது மியூஸியம். பக்கத்திலேயே ஒரு சின்ன மரவீடு. நம்ம ஹவுஸிங் போர்டு வீட்டைவிடப் பெரிசு என்று சொல்ல மாட்டேன்.

1882-ல் இதில் 'தாமஸ் ஹோவர்ட்' என்ற பெயரில், மனைவி, இரண்டு குழந்தைகளோடு அமைதியாகக் குடித்தனம் நடத்தியவர்தான் ஜெஸ்ஸி ஜேம்ஸ். பாங்க்கையும் ரயிலையும் கொள்ளையடித்து அமெரிக்காவைக் கலக்கிய ஆசாமி.

பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தார் என்று கதை உண்டு. பிடுங்கியதற்குச் சாட்சி ஏராளம், கொடுத்ததற்குத்தான் இல்லை. உள்நாட்டுப் போரில் தெற்கத்திக்காரர்கள் பக்கம், அதாவது அடிமை முறை வேண்டும் என்ற கட்சியில், கொரில்லாவாக இருந்து துப்பாக்கி பழகியவர். ஜான் நியூமேன் எட்வர்ட்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் எழுதி எழுதியே ஹீரோவாக்கிவிட்டார்.

ஹீரோ என்றால் ரசிகன் வேண்டுமே? வந்தான், பாப் ஃபோர்டு. இருபது வயசு. அண்ணன் சார்லியோடு கொள்ளைக் கும்பலில் ஒட்டிக்கொண்டு, இதே வீட்டில் தங்கி, இதே மேஜையில் சாப்பிட்டான். இதற்கிடையில் கவர்னர் கிரிட்டென்டனை ரகசியமாகப் பார்த்துப் பேசியும் வைத்திருந்தான். ஜெஸ்ஸியைப் பிடித்தால் 5,000 டாலர். பணம் ரயில் கம்பெனிகள் உபயம்.

1882, அதே ஏப்ரல் 3. காலை டிபன் முடிந்தது. புழுக்கம். ஜெஸ்ஸி கோட்டைக் கழற்றி, இடுப்புத் துப்பாக்கிகளையும் அவிழ்த்து வைத்தார். சுவரில் மாட்டியிருந்த படத்தில் தூசி. நாற்காலி மேல் ஏறித் துடைத்தார். பின்னாலிருந்து தலையில் சுட்டான் பாப். அப்போது ஜெஸ்ஸிக்கு வயசு 34.

சுவரில் ஓர் ஓட்டையைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். தோட்டா பட்ட இடமாம். வந்தவர்களெல்லாம் ஞாபகார்த்தமாகச் சுரண்டிச் சுரண்டிப் பெரிசாகிவிட்டது.

"அப்புறம் பாப் என்ன ஆனான்?" என்றேன்.

"கொலைக் குற்றத்தை ஒத்துக்கிட்டான். தூக்குத் தண்டனை. அன்னிக்கே கவர்னர் மன்னிப்பு. பரிசுப் பணத்துல கொஞ்சம்தான் கைக்கு வந்தது."

புகழாவது வந்ததா? வந்தது. அண்ணனும் தம்பியும் ஊர் ஊராகப் போய் அந்தக் கொலையை மேடையில் நடித்துக் காட்டினார்கள். கைதட்டலைவிட வசவுதான் அதிகம். 1884-ல் சார்லி தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். 1892-ல் கொலராடோவில் க்ரீட் என்ற ஊரில், கூடாரம் போட்டுச் சாராயக் கடை நடத்திய பாபை எட்வர்ட் ஓகெல்லி என்பவன் சுட்டுக் கொன்றான். பிராட் பிட் ஜெஸ்ஸியாக நடித்து 2007-ல் வந்த படத்தின் தலைப்பிலேயே பாபுக்குக் 'கோழை' என்று பட்டம்.

நண்பன் என்னையே பார்த்தான். "ஏண்டா, இந்த ட்ரிப்புக்கு உங்க சீனியர் வரதா இருந்ததில்ல?"

இருந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு ரிப்போர்ட் தயார் பண்ணினார். மகளுக்குக் காது குத்து என்று அவர் லீவில் போன அன்று மீட்டிங். நான் எடுத்துப் போய்க் காட்டினேன். "பிரமாதம், நீங்க பண்ணினதா?" என்றார் மானேஜர். ஆமாம் என்று சொல்லவில்லை ஸார், சத்தியமாகச் சொல்லவில்லை. சிரித்தேன். அவ்வளவுதான். லீவு முடிந்து வந்த அண்ணனும் ஒன்றும் கேட்கவில்லை. "ஸ்வெட்டர் எடுத்துக்கோடா, அங்க குளிரும்" என்றார்.

அந்த நாற்காலி ஞாபகம் மறுபடி வந்தது. வெளியே வந்து ஒரு போஸ்ட் கார்டு வாங்கினேன். 'அண்ணே, ரிப்போர்ட் உங்களுதுன்னு மானேஜர்கிட்ட சொல்லிடறேன். என்னைத் திட்டுங்க' என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டேன்.

"மக்கு! கார்டு போறதுக்குள்ள நீயே ஊருக்குப் போயிடுவே. ஒரு போன் பண்ணா முடிஞ்சுது" என்றான் நண்பன்.

"போன்ல வேற ஏதாவது பேசிட்டு வெச்சுடுவேன்டா. பெட்டில போட்டதைத் திருப்பி எடுக்க முடியாதில்ல?"

ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு காரில் ஏறினேன். நிஜமாகவே குளிர்ந்தது.