பதினோராவது கேள்வி

நான் பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கம்ப்யூட்டர் ஞானம், ஹாங் ஆனால் அணைத்துப் போடுவதோடு சரி! ஆனாலும் ‘நெட்வொர்க் ஸ்விட்ச் டிரைவர்’ பற்றி உங்களிடம் பேசியே ஆகவேண்டும். உபயம்: பெங்களூரில் ஒரு சிப் கம்பெனியில் வேலை பார்க்கும் என் சித்தி பையன்.

ஸ்விட்ச் என்றால் சுவரில் தட்டுகிற சமாசாரம் இல்லை. உங்கள் ஆபீஸ் மூலையில் கொத்துக் கொத்தாகக் கேபிள் செருகி, பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டு ஒரு பெட்டி இருக்குமே, அது. எந்தத் தகவல் எந்தக் கம்ப்யூட்டருக்கு என்று பார்த்து, சரியான வாசல் வழியாக அனுப்புவது அதன் உத்தியோகம். தபால் பிரிப்பவர் மாதிரி. அந்தச் சிப்புக்கும் லினக்ஸுக்கும் நடுவே துபாஷி வேலை பார்க்கும் புரோகிராம்தான் டிரைவர்.

எழுதினால் மட்டும் போதாது. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் ஆரம்பித்த லினக்ஸில், டிரைவரைச் சேர்க்க ஊரறிய ஈ-மெயிலில் அனுப்ப வேண்டும். எந்த நாட்டுக்காரரும் வரிக்கு வரி குறுக்கு விசாரணை செய்யலாம். இதற்குப் பெயர் ரெவ்யூ.

இவனுக்கு வந்தவை 23 கேள்விகள். போனில் புலம்பினான்.

“நாலு மாச உழைப்புண்ணா! வேரியபிளை எல்லாம் நீளமான வரி மேலே, குட்டை வரி கீழேன்னு அடுக்கணுமாம். குரூப் போட்டோவா எடுக்கறாங்க?”

நிஜம்தான். நெட்வொர்க் பிரிவில் அப்படி ஒரு சட்டம். ‘தலைகீழ் கிறிஸ்துமஸ் மரம்’ என்று பெயர் வேறு!

“அடுக்கிட்டுப் போயேன்டா. அப்புறம்?”

“பதினோராவது கேள்விதான் கடுப்பு. எர்ரர் பார்க்கலையாம்.”

விளக்கச் சொன்னேன். கேபிள் செருகியிருக்கிறதா என்று டிரைவர் சிப்பைக் கேட்கும். படிக்க முடியாமல் போனால் பதிலுக்கு ஒரு மைனஸ் எண் வரும். இவன் அதையும் பதிலாகவே எடுத்துக்கொண்டிருந்தான். கேபிளே இல்லாத வாசலை ‘இருக்கு’ என்று டிரைவர் சாதிக்கக்கூடும். பாங்க் பாலன்ஸ் கேட்டு வரச்சொன்ன பையன் ‘இன்னிக்கு லீவு சார்’ என்று திரும்ப, அந்த லீவை லெட்ஜரில் வரவு வைத்த கதை!

“அவர் சொல்றது சரிதானேடா? திட்டியா எழுதியிருக்கார்?”

“திட்டலை. ஆனா ஊர் பூரா படிக்குதேண்ணா. என் மேனேஜரும் படிப்பார். புரொபேஷன் முடிய ஒரு மாசம்தான். பதிலே போடாம சத்தமில்லாம திருத்தி அனுப்பிடறேன்.”

எனக்குத் திக்கென்றது. ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் நான். கேள்விக்குப் பதில் தராமல் கணக்கை மட்டும் திருத்தி அனுப்புகிற கம்பெனியை ஆடிட்டர் என்ன செய்வார் தெரியுமா? முதல் வவுச்சரிலிருந்து பூதக்கண்ணாடி வைப்பார்! லினக்ஸ்காரர்கள் கையேட்டிலும் இதே கதைதான்: கேள்வி கேட்டவரை அலட்சியம் செய்தால், அவர்களும் உன்னை அலட்சியம் செய்வார்கள்.

“உட்கார்ந்து 23-க்கும் பதில் எழுது” என்றேன்.

முறை இதுதான். அவருடைய கேள்வியை அப்படியே விட்டு, அதற்குக் கீழே உங்கள் பதில். ‘சரி, திருத்துகிறேன்’, அல்லது ‘இல்லை, காரணம் இது’, அல்லது ‘புரியவில்லை, விளக்குங்கள்’. ரோஷத்தில் உடனே மறுபடி அனுப்பவும் முடியாது. நெட்வொர்க் பிரிவில் 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கோபம் ஆற ஒரு ராத்திரி!

இவனும் எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. ‘ரீசெட் செய்ததும் ஏன் இந்தக் காத்திருப்பு? எடுத்துவிடு’ என்றார் ஒருவர். சிப்பின் மானுவலில் அப்படித்தான் இருக்கிறது என்று எழுதினான். ‘அப்படியானால் அதையே குறிப்பாக எழுதி வை’ என்று அவர் இறங்கி வந்தார். சண்டையே இல்லை! கோபமான மெயில்களுக்குப் பேர்போன டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

நாலாவது தடவை டிரைவர் தேறியது. பதினோராவது கேள்விக்காரரே ‘ரெவ்யூ செய்தவர்’ என்று தன் பெயரைக் கீழே போட்டுத் தந்தார். மேனேஜர் டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். “பதில் எழுதினது நல்லா இருந்தது” என்றாராம். வேலையும் நிரந்தரமானது.

போன வாரம் மறுபடி போன்.

“யாரோ ஒருத்தர் டிரைவரை இப்ப நான் ரெவ்யூ பண்றேண்ணா. எர்ரரே பார்க்கலை அந்த ஆளு! 31 கேள்வி கேட்டிருக்கேன்.”

“பதில் வந்துதா?”

“ஒவ்வொண்ணுக்கும் போட்டிருக்கார்ணா. தங்கமான மனுஷன்!”