மருந்தோடு ஒரு பூனை

தோல் ஷூவுக்குப் பேர்போன ஆம்பூருக்குப் போய் ரப்பர் செருப்பு வாங்கி வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சர்க்கரைக்காரனுக்குத் தோல் ஷூவைவிட எம்.சி.ஆர். என்கிற மெத்து ரப்பர் செருப்பு நல்லது என்றார்கள். வீட்டில் ஒரே கேலி. ஆனால் அந்த மெத்து ரப்பரும் இந்தப் பக்கத்துச் சரக்குதான். தொழுநோயில் மரத்துப்போன பாதம் புண்ணாகாமலிருக்க என்ன போடலாம் என்று வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவர் கூட்டாளிகளும் 1950களில் தேடி அலைந்ததில் பிடிபட்டது அது.

பிராண்ட் கொல்லிமலையில் 1914-ல் மிஷனரி வீட்டில் பிறந்தவர், 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். பெருவியாதி என்கிற தொழுநோயை முன்வினை என்றது ஊர். கிருமியை ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்தாயிற்று. ஆனாலும் விரல் தானாக அழுகி விழுகிறது என்பதே டாக்டர்களின் நினைப்பும். பிராண்ட் கவனித்துப் பார்த்தார். சதையில் குற்றமில்லை, புண் ஒழுங்காகவே ஆறுகிறது. வலி தெரியாததால் அடுப்பு சுட்டதும் தெரியவில்லை, ஆணி ஏறியதும் தெரியவில்லை. ஒன்று மட்டும் கணக்கில் இடித்தது. படுக்கும்போது இருந்த விரல் நுனி விடிந்தால் காணோம்! ராத்திரி ஆள் போட்டுக் காவல் இருந்தார்கள். எலி. அது பாட்டுக்குக் கடித்துக்கொண்டிருக்கிறது, விரலுக்குச் சொந்தக்காரர் அயர்ந்து தூங்குகிறார். அதன்பிறகு வீடு திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு பூனையையும் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எத்தனை தலைமுறைப் பாவக் கணக்கு, ஒரு பூனையில் தீர்ந்தது!

இதனால் பிராண்டின் பக்தி குறைந்ததா என்றால், கூடியது. 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், செயற்கையாக வலியைச் செய்து பார்த்தார். கையுறைக்குள் கருவி, அழுத்தம் மிஞ்சினால் சத்தம் போடும். நோயாளிகள் சட்டை செய்யவில்லை. மின்சாரத்தால் சுரீரென்று அடிக்க வைத்தார். அவசர வேலை என்றால் ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். பணமும் வருஷங்களும் போயின. ஸ்விட்சை நம் கையில் கொடுக்காதவனின் புத்தியே புத்தி என்று பிராண்ட் வியந்துபோனார். வலி ஒரு வரம் என்று 1993-ல் புத்தகமே போட்டார்.

வேதத்திலேயே ஏரோப்ளேன் இருக்கிறது என்று மேடையில் அடித்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இவர் தோற்ற பரிசோதனையை வைத்துக்கொண்டு கடவுளைப் பேசியவர்; உட்கார்ந்து கேட்கலாம். ஒத்துக்கொள்வது வேறு விஷயம். மூட்டுவலியில் படி ஏறமுடியாத என் அக்காவிடம் போய் வலி வரம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது. அவள் கையில் ஸ்விட்ச் இருந்தால் எப்போதோ அணைத்திருப்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான்.