பதினான்கு சென்டிமீட்டருக்கு ஒருமுறை



போன மாதம் நான் போட்ட படத்தில் இடது கை ஆள்காட்டி விரலில் கட்டு இருப்பதைப் பார்த்து, "டீச்சர், என்ன ஆச்சு?", "சித்தி, விழுந்துட்டீங்களா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். விழவில்லை. துணி வெட்டும்போது விரலையும் வெட்டிக்கொண்டேன். மூன்று தையல். போன வாரம்தான் பிரித்தார்கள். அதனால் இப்போது கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

என் அம்மாவின் சுங்குடிச் சேலைகள் ஐந்து என்னிடம் இருக்கின்றன. உடுத்த முடியாத அளவுக்கு நைந்துவிட்டன. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. பேத்திக்கு அவற்றில் ஒரு குயில்ட் தைத்துத் தரலாம் என்று ஆரம்பித்தேன். நம் வீடுகளில் பழைய சேலையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்போம் அல்லவா? அதையே துண்டு துண்டாக வெட்டி, கணக்குப் பார்த்து இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்தால் குயில்ட். 2019-இல் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கற்றுக்கொடுத்தார். ஊருக்குத் திரும்பும்போது மகள் ஒரு ரோட்டரி கட்டரும் வாங்கிக் கொடுத்தாள்.

பார்க்காதவர்களுக்கு: சோமாஸ் வெட்டும் சக்கரக் கரண்டி மாதிரி இருக்கும். பல்லுக்குப் பதிலாக வட்டமான பிளேடு. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம்தான் 1979-இல் இதை முதன்முதலில் கொண்டுவந்தது. கீழே ஒரு மேட், மேலே கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஸ்கேல், ஸ்கேலின் ஓரமாகக் கட்டரை உருட்டினால் நான்கு மடிப்புத் துணியும் ஒரே கோட்டில் வெட்டுப்படும். கத்திரியில் துணியைத் தூக்கித் தூக்கி வெட்டும்போது கோடு நெளியும். குயில்ட்டில் அது ஆகாது. ஒரு வரிசையில் 16 துண்டுகள் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 1/16 அங்குலம் குறைந்தால், வரிசையே ஓர் அங்குலம் குறைந்துவிடும். அப்புறம் எந்த மூலையும் எந்த மூலையோடும் சேராது.

என் கட்டர் இரண்டு வருடமாக ஒரே பிளேடில் ஓடியது. "இன்னும் வெட்டுதே" என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாளாக, வெட்டி எடுத்தால் அங்கங்கே நாலைந்து நூல் அறுபடாமல் நிற்கும். அதனால் அழுத்தி வெட்டினேன். இன்னும் அழுத்தினேன். நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்த அன்று அம்மா கட்டிக்கொண்டு வந்த நீலச் சேலை அது. அழுத்திய அழுத்தில் ஸ்கேல் நழுவி, பிளேடு ஸ்கேல் மேல் ஏறி விரலில் இறங்கியது. துணியும் கோணலாகப் போனது, ரத்தமும் பட்டது. விரல் ஆறிவிடும். அந்தச் சேலைக்கு எங்கே போவேன்?

கட்டுப் போட்ட கையோடு, நம் ஊரில் தையல் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனேன். மிச்சத்தைக் கத்திரியிலேயே வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். கத்திரியை எடுக்கவில்லை. வெட்டிய துண்டுகளைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்து, இஞ்ச் டேப்பை வைத்தான்.

"டீச்சர், இங்க நூல் நிக்குது. இங்க நிக்குது. அடுத்தது இங்க. எல்லாம் ஒரே தூரம். பதினாலு சென்டிமீட்டர்."

எனக்குப் புரியவில்லை.

"பிளேடு 45 மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. 22 பை 7-ஆல பெருக்குங்க."

141. பதினான்கு சென்டிமீட்டர். பிளேடு ஒரு சுற்றுச் சுற்றினால் போகும் தூரம். அதன் விளிம்பில் ஒரே ஓர் இடம் பழுது. அந்த இடம் துணியில் படும்போதெல்லாம் நூல் தப்பிக்கிறது. என்றோ குண்டூசி மேல் ஏற்றியிருக்கிறேன்.

"ஏழாவதுல நீங்கதான டீச்சர், சைக்கிள் சக்கரத்துல சாக்பீஸ் கோடு போட்டு மைதானத்துல உருட்டிக் காட்டினீங்க?" என்றான்.

ஆமாம், காட்டினேன். அதே வருடம் அவன் அப்பாவை அழைத்து, "இவனுக்குக் கணக்கு ஏறாது, கஷ்டப்படுத்தாம ஒரு தொழில்ல விட்டுருங்க" என்று சொன்னதும் நான்தான். எட்டாவதோடு அவர் நிறுத்திவிட்டார். அதைக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "நான் உங்க அப்பாகிட்ட சொன்னது நினைவிருக்கா?" என்றேன். "அதெல்லாம் ஞாபகமில்ல டீச்சர்" என்று குனிந்துகொண்டு, கட்டரின் ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தான். நான் நம்பவில்லை. அதற்கு மேல் கேட்கவும் இல்லை.

அன்று அவனிடமும், அதற்குப் பிறகு பழக்கத்திலும் கற்றதைச் சொல்கிறேன். தைக்கிறவர்களுக்கு உதவும்.

நூல் சீரான இடைவெளியில் நின்றால் பிளேடில் ஓரிடம் பழுது. கண்டபடி நின்றால் பிளேடு முழுதும் மழுங்கியிருக்கும், அல்லது மேட்டில் பள்ளம் விழுந்திருக்கும். எப்போதும் ஒரே கோட்டில் வெட்டாமல் மேட்டை அடிக்கடி திருப்பிப் போடுங்கள். மேட்டை வெயிலில் வைக்காதீர்கள், வளைந்துவிடும்.

வாரம் ஒருமுறை பிரித்துத் துடையுங்கள். கழற்றிய வரிசையிலேயே பாகங்களை ஒரு தட்டில் அடுக்குங்கள். பிளேடுக்குப் பின்னால் பஞ்சு போல் பிசிறு சேர்ந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்க்ரூவை ரொம்ப முறுக்கினால் பிளேடு உருளாமல் இழுபடும். இழுபட்ட இடம் சீக்கிரம் மழுங்கும்.

இந்தக் கட்டரால் காகிதம் வெட்டாதீர்கள். குண்டூசியை முதலில் எடுத்துவிடுங்கள். கத்திரி மாதிரி இதைச் சாணை பிடிக்கக் கொடுக்க முடியாது, அவ்வளவு மெல்லிசு. அலுமினியத் தாளை வெட்டினால் கூர்மை வரும் என்றார்கள். செய்து பார்த்தேன், எனக்குப் பலிக்கவில்லை. பிளேடை மாற்றுவதுதான் வழி. பழையதை ஒரு தகர டப்பாவில் போட்டு டேப் ஒட்டிக் கொடுங்கள். குப்பை எடுக்க வரும் அம்மாவின் கையும் கைதான்.

நைந்த சேலைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள். நின்றுகொண்டு, உடம்பை விட்டு வெளிப்பக்கமாக உருட்டுங்கள். இடது கை விரல்களை ஸ்கேலின் நடுவில் பரப்பி, சுண்டு விரலை மட்டும் வெட்டாத பக்கத்து ஓரத்துக்கு வெளியே ஊன்றினால் ஸ்கேல் நழுவாது. கட்டரைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் மூடியை மூடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு.

முக்கியமாக, அழுத்தாதீர்கள். அழுத்த வேண்டியிருந்தால் பிளேடைப் பாருங்கள்.

புதுப் பிளேடு போட்டு மிச்ச நான்கு சேலைகளையும் வெட்டி முடித்துவிட்டேன். நீலச் சேலையில் தேறியது பதினோரு துண்டுகள். நடுவில் வைக்க நினைத்தது இப்போது ஓரத்தில் வருகிறது. படம் பிறகு போடுகிறேன்.

அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். "பேர் மட்டும் போடாதீங்க டீச்சர்" என்றான். உங்களில் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். ஒரு பிள்ளைக்கு இது வராது என்று அதன் அப்பாவிடம் முடிவாகச் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிவிட்டேன். அதைத் திருப்பி எடுக்க வழி தெரியவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்