மாஸ்கோ வாத்தியாரும் உங்க அப்பத்தாவும்

கோவிலூர்,
27.11.2020

அன்புத் தோழிக்கு,

மாஸ்கோத் தமிழ் வாத்தியார் துப்யான்ஸ்கி போய்விட்டார். இந்நேரம் உன் காதுக்கு எட்டியிருக்கும். எட்டாவிட்டால் என் வாயால் கேட்டுக்கொள். போன வாரம் புதன்கிழமை, நவம்பர் 18, மாஸ்கோவில், கொரோனாவில். வயசு 79.

செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் நம் எம்.ஏ. வகுப்பு வாட்ஸப் குழுவில் அஞ்சலி மழை. கோவை செம்மொழி மாநாட்டில் அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களெல்லாம் அதைத் தோண்டியெடுத்துப் போட்டுவிட்டார்கள். பாதிப் படங்களில் அவரைவிடப் பக்கத்தில் நிற்பவர் முகம்தான் பெரிசாகத் தெரிகிறது. “ரஷ்யாக்காரருக்குச் சங்கப் பாட்டு என்ன விளங்கும்?” என்று அந்த மாநாட்டுப் பந்தியில் சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்டாரே ஒருவர், நினைவிருக்கிறதா? அவரும் ஒரு வெண்பா போட்டிருக்கிறார். தளை தட்டுகிறது. சாவு வீட்டில் யாப்புப் பார்க்கக்கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

2010 ஜூனில் அந்த மாநாட்டில் நாம் அவரைத் தூரத்திலிருந்துதான் பார்த்தோம். கிட்டே போய்ப் பேச உனக்கு வெட்கம், எனக்குப் பசி. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது. 1973லிருந்து மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் நிறுவனத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் கட்டடம் இருப்பது கிரெம்ளின் பக்கத்திலேயே, மொஹவாயா தெருவில். பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பாலைத் திணைக்கு அவர் எப்படிப் பாடம் எடுத்திருப்பாரோ!

நம் வயசுக்காரர்களுக்கு ரஷ்யா ஒன்றும் தூரதேசம் இல்லை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழ தாளில்தானே நோட்டுக்கு அட்டை போட்டோம்? நியூ செஞ்சுரிக்காரர்கள் புத்தகக் கண்காட்சி போட்டால், கெட்டி அட்டை டால்ஸ்டாயைக் காப்பிக் காசுக்கு வாங்கி வருவோம். குன்றக்குடி அடிகளாரே சோவியத் தேசம் போய்வந்தவர். திருநீறு பூசிய சாமியாரும் அரிவாள் சுத்தியலும் எப்படி ஒத்துப்போகும் என்று உங்க சித்தப்பா மாய்ந்து மாய்ந்து பேசுவார். சிவகங்கைக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய நா. தர்மராஜன் மாஸ்கோவுக்கே குடிபோய் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ‘அன்னா கரீனினா’வைத் தமிழில் படித்து நீ அழுதாயே, அது அவர் கைவண்ணம்.

இங்கிருந்து அங்கே போனவர்களை நமக்குத் தெரியும். அங்கே இருந்துகொண்டு தமிழ் படித்தவர்களைத்தான் நாம் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? முதல் உலகப்போர்க் காலத்தில் இலங்கையிலும் இந்தியாவிலும் அலைந்து அருங்காட்சியகத்துக்குப் பொருள் சேர்த்து, பிறகு பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் இலக்கணம் எழுதிய மெர்வார்ட்டை ஸ்டாலின் அரசு பிடித்துக்கொண்டுபோனது. 1932இல் கைதி முகாமிலேயே செத்தார். லெனின்கிராடு ரூதின் தமிழ்மேல் பித்தாகித் தனக்குச் ‘செம்பியன்’ என்று பேர் வைத்துக்கொண்டார். அவரும் பியாத்திகோர்ஸ்கியும் சேர்ந்து 1960இல் தமிழ்–ரஷ்ய அகராதி போட்டார்கள். அதைப் பார்த்துத் திருத்திக்கொடுத்தவர் நம் பூர்ணம் சோமசுந்தரம். பியாத்திகோர்ஸ்கி 1974இல் நாட்டை விட்டே கிளம்பி லண்டன் போய்விட்டார். சிலப்பதிகாரத்தை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோன கிளாசோவ் கதை இன்னும் மோசம். 1968இல் அரசை எதிர்த்து ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், வேலை போனது, கடைசியில் கனடாவில் கரையேறினார். அரசவையில் நியாயம் கேட்ட கண்ணகியை மொழிபெயர்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பார், சொல்லு.

இத்தனை பேரும் செத்தும் சிதறியும் போன பிறகு மிஞ்சி நின்று பாடம் நடத்தியவர் துப்யான்ஸ்கி. 1991இல் சோவியத்தே போய்விட்டது. தமிழ்ப் புத்தகம் அடித்த பதிப்பகம் போனது, அங்கே வேலை பார்த்த தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். அதுவரைக்கும் தமிழ் படித்தவனுக்கு ஏதோ ஒரு அரசாங்க வேலையாவது இருந்தது. அதுவும் போன பிறகு வகுப்புக்கு வருகிற நாலைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னும் முப்பது வருஷம் குறுந்தொகை நடத்துவதென்றால், அதற்கு என்ன பேர் வைப்பது? சம்பளத்துக்காக என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

இனி என் குறைக்கு வருகிறேன். அஞ்சலி எழுதிய அத்தனை பேரும் ‘வெள்ளைக்காரர் வாயில் என்ன அழகான தமிழ்’ என்பதோடு நிறுத்திவிட்டார்கள். அவர் என்ன சொன்னார் என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. கிளி பேசினால் கைதட்டுவோமே தவிர, அது சொன்ன சேதியைக் கேட்கமாட்டோம். அப்படித்தான் இருக்கிறது நம் விருந்தோம்பல்.

நீ என்னிடம் வாங்கிக்கொண்டு போன அவர் புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தாயா? பழந்தமிழ்ப் பாட்டுக்குச் சடங்கும் தொன்மமும்தான் வேர் என்கிறார். ரஷ்ய மொழியில் 1989, ஆங்கிலத்தில் 2000. குறிஞ்சியில் முருகனும் வள்ளியும் கூடுவதுதான் மூலக்கதை என்பதை நமக்குச் சொல்ல மாஸ்கோவிலிருந்து ஆள் வரவேண்டாம். நம் ஊர்க் காவடியெல்லாம் குன்றக்குடியில் கூடித்தானே பழனிக்கு நடக்கிறது. ஆனால் முல்லைக்கு அவர் சொல்வதைக் கேள். கார்காலத்தில் வருகிறேன் என்று போனவன் வரவில்லை, இவள் பொறுத்திருக்கிறாள். நாம் இதைப் பிரிவுத்துயர் என்று எழுதி மார்க் வாங்கினோம். அவர் அதைச் சடங்கு என்கிறார். பெண்ணிடம் அணங்கு என்றொரு சக்தி இருக்கிறது. புருஷன் பக்கத்தில் இல்லாதபோது அது வெப்பம் கொண்டு நிற்கும். அதை அடக்கிக் காப்பதுதான் கற்பு. பூச்சூடாமல், தலை வாராமல், வளை கழல அவள் இருப்பது அந்த விரதத்தின் அடையாளம். மழையோடு அவன் வருகிறான், நிலமும் அவளும் சேர்ந்து குளிர்கிறார்கள். அணங்கு பற்றி அமெரிக்காவில் ஜார்ஜ் ஹார்ட் முன்னாலேயே எழுதியதுதான். ஆனால் திணை திணையாக அதைக் கொண்டுபோய்ப் பொருத்தியவர் இவர்.

இதைப் படித்தபோது எனக்கு உங்க அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. உங்க ஐயா ரங்கூனுக்குத் தொழில் பார்க்கக் கொண்டுவிக்கப் போனால் மூன்று வருஷக் கணக்கு முடிந்துதானே திரும்புவார்? அதுவரைக்கும் அப்பத்தா நல்ல சேலை எடுத்து உடுத்தமாட்டார்கள், கல்யாண வீட்டில்கூடப் பின்கட்டிலேயே இருந்துவிட்டு வந்துவிடுவார்கள் என்று நீதான் சொன்னாய். 1942இல் பர்மாவே கைவிட்டுப் போகிறவரைக்கும் அந்தப் பெரிய வீட்டில் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். செட்டிநாட்டில் பாதி வீடு முல்லைத் திணைதான் போ! துப்யான்ஸ்கி சொன்னது சரியாகத்தான் இருக்கிறது என்று அன்றைக்கு ராத்திரி புத்தகத்தை மூடினேன்.

காலையில் இன்னொன்று தோன்றியது. அதே அப்பத்தாதானே பட்டாலையில் உட்கார்ந்து வட்டிச் சிட்டை பார்த்தது? நெல் அளந்து போட்டது, கணக்குப்பிள்ளையை நிற்கவைத்துக் கேள்வி கேட்டது, கொத்தனாரை விரட்டி ரெண்டாம் கட்டை முடித்தது, ரங்கூனுக்குக் கடுதாசி எழுதிப் பணம் ஏன் வரவில்லை என்று ஐயாவைக் காய்ச்சியது எல்லாம் யார்? காத்திருந்தவள் வேலையும் பார்த்தாள். மாஸ்கோக்காரர் பார்வையில் தலைவி முழுக்கச் சக்தி, முழுக்க அடக்கம். அவள் கையில் வேலை இல்லை. இதைப் பாட்டிலிருந்தே காட்டலாம் என்றுகூடத் தோன்றுகிறது. குறுந்தொகையில் தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு சமைக்கிறாளே ஒருத்தி, அவளும் முல்லைத் தலைவிதான்.

நம் காரைக்குடிக்காரர்களுக்கு இது பழகிய சண்டைதான். அழகப்பா கல்லூரியில் முதல்வராக இருந்த வ.சுப. மாணிக்கனார் ‘தமிழ்க் காதல்’ எழுதியவர். அவருக்கு அகம் என்றால் மனுஷ மனசு. சாமியும் சடங்கும் அதில் பின்னால்தான். துப்யான்ஸ்கிக்கு முன்னால் வருவதே சடங்கு. ரெண்டு புத்தகத்தையும் எதிரெதிரே வைத்து ஒரு நாள் முழுக்கச் சண்டை போடலாம். இங்கே கோவிலூர் மடத்தில் வேதாந்த பாடம் எப்படி நடந்து வந்திருக்கிறது? ஒரு நூலை எடுத்தால், தடை எழுப்பி விடை சொல்லித்தானே நகர்த்துவார்கள்? அந்த மரியாதையைத்தான் அவருக்கு நாம் செய்யவில்லை. எதிர்த்து நாலு வரி எழுதியிருந்தால் மனுஷர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். சால்வை எத்தனை வந்தாலும் அதற்கு ஈடாகுமா?

கல்லூரி திறந்ததும் அஞ்சலிக் கூட்டம் போடுவோம் என்று குழுவில் ஒரு பேச்சு ஓடுகிறது. தலைமை யார், முன்னிலை யார், நோட்டீஸில் யார் பேர் முதலில் என்று இப்போதே முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக என் வீட்டு முகப்பிலேயே நாலு பிள்ளைகளை வைத்து அந்த முல்லைப் பகுதியை வரிக்கு வரி படிக்கப்போகிறேன். ஆங்கிலம் கொஞ்சம் கடினம்தான், நடத்திக்கொள்ளலாம்.

அதனால் புத்தகத்தை அனுப்பு. என் பிரதி உன்னிடம்தான் இருக்கிறது, இல்லை என்று சாதிக்காதே. திரும்ப வாங்க என் பென்ஷன் இடம் கொடுக்காது. பதிவுத் தபாலில் வேண்டாம், கொரியரில் போடு. அப்படியே உங்க பெரிய அத்தையிடம் கேட்டு, அப்பத்தா எழுதிய வட்டிச் சிட்டை ஏதாவது பெட்டகத்தில் கிடந்தால் நாலு பக்கம் படம் எடுத்து அனுப்பிவை. அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும்.

இப்படிக்கு,
உன் கோவிலூர்த் தோழி