இரண்டாவது குட்டி

ஐப்பசி 26

கன்னி ஆட்டுக்கு மடி இறங்கிவிட்டது. வாலடியில் இரு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறது. கிடாவுக்குச் சேர்த்தது வைகாசிக் கடைசியில். ஐந்து மாதக் கணக்கு சரியாக இருக்கிறது. வெளியே அடைமழை. நனைந்த கரிசலில் குட்டி விழுந்தால் விறைத்துப்போகும். தொழுவில் மணல் கொட்டி, கம்பந்தட்டையை நறுக்கிப் பரப்பினேன்.

ஐப்பசி 27

விடியுமுன் தண்ணீர்க்குடம் உடைந்தது. முதல் குட்டி கிடா. தாயைப் போலவே கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. அதைத் தாய் நக்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதும் விழுந்தது. பெட்டை. கிடுகிடுவென்று நடுங்கியது. மனசு கேட்காமல் சாக்கால் துடைத்து அடுப்படிக்குத் தூக்கிப்போனேன். அரை மணி கழித்துக் கொண்டுவந்து மடியில் விட்டால், தாய் முட்டித் தள்ளியது.

"நீ எதுக்குத் தொடச்ச? தாய் நக்குனாத்தான தன் குட்டின்னு அதுக்குத் தெரியும்?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

ஆண்டீஸ் மலையில் வளரும் லாமா குட்டியை நக்குவதே இல்லை. பெரும்பாலும் பகலில் ஒற்றைக் குட்டி போடும். மூக்கால் முகர்ந்து, மெல்ல முனகியே உறவைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளாட்டுக்கு நாக்குதான் உறவு. அந்த முதல் ஓரிரு மணி நேரத்தைத்தான் நான் பறித்துவிட்டேன்.

சீம்பாலுக்கும் நேரம் காத்திருக்காது. நோயைத் தாங்கும் சத்து ஆட்டுக்குட்டிக்குக் கருவிலே கிடைப்பதில்லை, சீம்பாலில்தான் வரவேண்டும். ஒரு நாள் கடந்தால் குடல் அதை உறிஞ்சாது. குட்டியின் எடை 1.8 கிலோ, ஒரு நாளைக்குள் 180 மில்லியாவது உள்ளே போகவேண்டும். அத்தை ஆட்டின் கழுத்தைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டாள். நான் காம்பைக் குட்டியின் வாயில் வைத்தேன். ஒருதரம் சப்பியது, விட்டது, மறுபடி பிடித்தது. நஞ்சுக்கொடி விழுந்ததும் அந்த ஈரத்தைக் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் பூசினாள் அத்தை.

ஐப்பசி 28

தொப்புளில் டிஞ்சர் அயோடின். ராத்திரி மூன்று தடவை எழுந்து பிடித்து ஊட்டினேன். இன்னும் முட்டுகிறது.

கார்த்திகை 1

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர் பெட்டையைக் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றுவிட்டேன். சாயங்காலம் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தள்ளி நின்றேன். குட்டி மடிக்குப் போனது. தாய் திரும்பி வாலடியை முகர்ந்தது, வெகுநேரம் முகர்ந்தது. முட்டவில்லை. குட்டியின் வால் படபடவென்று ஆடியது.